இமை: இரண்டாவது அறுவைக்கு முன்...

மனித உடலில் மிக மெல்லிய தோல் இருப்பது கண்ணிமையில்தான். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு பரப்பின்மீது உலகெங்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான அறுவைகள் நடைபெறுகின்றன. முதுமையால் தொங்கும் மேலிமைத் தோலைக் குறைப்பதற்கும், கீழிமையில் பை போலத் துருத்தும் கொழுப்பைச் சீராக்குவதற்கும், கிழக்காசிய நாடுகளில் பிறவியில் இல்லாத இமை மடிப்பை உண்டாக்குவதற்கும் இவை செய்யப்படுகின்றன. பெரும்பாலானவை நல்லபடியாகவே முடிகின்றன. சில மட்டும் அவ்வாறு முடிவதில்லை. ஒரு கண் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிகிறது. அல்லது புருவத்துக்குக் கீழே பள்ளம் விழுந்து, நெடுநாள் நோயில் கிடந்து எழுந்தவரைப் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. மீண்டும் ஓர் அறுவை செய்துகொண்டால் சரியாகிவிடுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். நெருங்கிய நண்பர் ஒருவருக்கு இச்சிக்கல் நேர்ந்தபோது அவருடன் மருத்துவர்களைச் சந்திக்கச் சென்றேன். அதையொட்டி இத்துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, வகுப்பறையில் பல்லாண்டுகள் நடத்திய பாடம் ஒன்றே வேறு உருவில் எதிரே நிற்பதுபோல் இருந்தது. இமையில் உள்ள தோலும் கொழுப்பும் மீண்டும் வளர்ந்து நிரம்பாத ஓர் இருப்பு. முதல் அறுவை அந்த இருப்பிலிருந்து செலவழிக்கிறது. இரண்டாவது அறுவை, எஞ்சியதை வைத்துக்கொண்டு, தழும்பு படிந்த இடத்தில் நடக்க வேண்டும். ஆகவே அது முதல் அறுவையின் மறுபதிப்பு அன்று. வேறு கணக்கு, வேறு அபாயம், வேறு எதிர்பார்ப்பு கொண்ட தனிச் செயல். இதை உணராமல் எடுக்கப்படும் முடிவுகளே பலரை மூன்றாவது, நான்காவது அறுவைவரை இழுத்துச் செல்கின்றன.

மில்லிமீட்டர்களின் உலகம்

குறை எங்கே நேர்கிறது என்பதை அறிய இமையின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். மேலிமைத் தோலுக்கு அடியில் கண்ணை மூட உதவும் வட்டத் தசை உள்ளது. அதன்கீழ் ஒரு தடுப்புச் சவ்வு. சவ்வுக்குப் பின்னால் மெத்தை போன்ற கொழுப்பு. கொழுப்புக்குப் பின்னால் இமையை உயர்த்தும் தசையும் அதன் தசைநார்த் தகடும். விளிம்பையொட்டி இமைக்கு உறுதி தரும் இமைத்தகடு இருக்கிறது. இமையை உயர்த்தும் தசையிலிருந்து மெல்லிய நார்கள் முன்னோக்கி வந்து தோலோடு இணையும் இடத்தில்தான் மடிப்பு விழுகிறது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அந்த நார்கள் தோலை உள்ளே இழுக்கின்றன. கிழக்காசிய மக்களில் பெருந்தொகையினருக்கு இந்த இணைப்பு இல்லை அல்லது மிகத் தாழ்வாக உள்ளது. கொழுப்பும் கீழ்வரை இறங்கியிருக்கும். அதனால் அவர்களின் இமை மடிப்பின்றி வழவழப்பாகத் தெரிகிறது.

மூன்று அளவுகளை நினைவில் கொண்டால் போதும். நேராகப் பார்க்கும்போது கண்மணியின் நடுவிலிருந்து மேலிமை விளிம்புவரை பொதுவாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். இதில் இரு கண்களுக்கிடையே 1 மி.மீ. வேறுபட்டாலே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அடுத்து, புருவத்தின் கீழ் எல்லைக்கும் இமை விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 20 மி.மீ. தோலாவது எஞ்சியிருக்க வேண்டும். இல்லையேல் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. மூன்றாவது, மடிப்பு விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது. இதுவும் சில மில்லிமீட்டர்களே. கத்தி ஒரு மில்லிமீட்டர் தவறினால் முகத்தின் பாவமே மாறிவிடும் இடம் இது.

மேலிமையில் கொழுப்பு இரண்டு அறைகளிலும் கீழிமையில் மூன்று அறைகளிலும் அமைந்துள்ளதை 1951-இல் காஸ்டன்யாரெஸ் என்ற அறுவை மருத்துவர் விரிவாக எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அக்கொழுப்பைத் தாராளமாக அகற்றுவதே வழக்கமாக இருந்தது. முகம் மூப்படைவது தோல் தொங்குவதால் மட்டுமன்று, கொழுப்பு வற்றுவதாலும்தான் என்ற புரிதல் வலுப்பெற்ற பிறகே, எடுப்பதைவிடக் காப்பது மேல் என்ற கொள்கை நிலைபெற்றது. பழைய முறையில் கொழுப்பு மிகுதியாக எடுக்கப்பட்டவர்கள் வயது ஏற ஏறப் பள்ளம் விழுந்த இமைகளோடு திரும்பி வந்தனர். அறுவை முடிந்த ஆண்டில் தெரியாத குறை, பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது.

கொரியாவின் அனுபவம்

திருத்த அறுவை தனித் துறையாகவே வளர்ந்துள்ள இடம் தென் கொரியா. ஆனால் இமை மடிப்பு அறுவையின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஒரு கண்ணில் மடிப்பும் மறு கண்ணில் மடிப்பின்மையும் கொண்டு பிறந்த ஒரு பெண்ணுக்கு, தையல் இட்டு மடிப்பு உண்டாக்கிய முறையை 1896-இல் மிகாமோ என்ற மருத்துவர் பதிவு செய்தார். இரு கண்களின் சமமின்மையைப் போக்கவே பிறந்த இந்த அறுவை, இன்று சமமின்மைக்கே ஒரு காரணமாகவும் ஆகியிருப்பது கவனிக்கத்தக்கது. போருக்குப் பிந்தைய கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட் தம் இமை அறுவை அனுபவத்தை 1955-இல் கட்டுரையாக வெளியிட்டார். அடுத்த அரை நூற்றாண்டில் சோல் நகரின் கங்னாம் பகுதி உலகின் அழகியல் அறுவைத் தலைநகர் என்று சொல்லத்தக்க நிலையை அடைந்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகளுக்குப் பெற்றோர் இமை அறுவையைப் பரிசாக அளிப்பது அங்கே புதுமையான செய்தி அன்று.

மடிப்பை உண்டாக்க இரு வழிகள் உள்ளன. தோலை வெட்டாமல் நுண்ணிய துளைகள் வழியே தையலைப் புதைப்பது ஒன்று. தோலைக் கீறி, தோலையும் உள்தசைநாரையும் நேரடியாகப் பிணைப்பது மற்றொன்று. முதலாவது எளிது, ஆனால் காலப்போக்கில் தையல் தளர்ந்து மடிப்பு மறையக்கூடும். இரண்டாவது நிலையானது, நேரும் பிழையும் அதேபோல் நிலையானது. மடிப்பை மிக உயரத்தில் பொருத்திவிட்டால், அதற்குக் கீழுள்ள பகுதி தடித்து உப்பித் தெரியும். கொரிய மக்கள் இதைச் 'சாசேஜ் கண்' என்று கேலியாகக் குறிப்பிடுகின்றனர். மறு அறுவையைக் குறிக்கும் 'ஜேசுசுல்' என்ற சொல் அங்கே அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. அதையே முதன்மைப் பணியாகக் கொண்ட மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஒரு சேவைச் சந்தை முதிரும்போது அதன் பிழைகளைத் திருத்துவதற்கென்றே இரண்டாவது சந்தை ஒன்று உருவாவது பொருளியலில் வியப்பானது அன்று. ஆனால் இங்கே பழுது பார்க்கப்படுவது மனிதனின் கண்.

சமமின்மை ஒன்றல்ல, நான்கு

இரு கண்களும் சமமாக இல்லை என்று ஒருவர் கூறும்போது, அது நான்கு வெவ்வேறு குறைகளில் ஒன்றாக இருக்கலாம். மடிப்பின் உயரம் வேறுபடலாம், இமை விளிம்பின் உயரம் வேறுபடலாம், எஞ்சிய தோலின் அளவு வேறுபடலாம், புருவங்களே வேறுபடலாம். கண்ணாடி முன் நிற்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

மடிப்பின் உயரம் வேறுபட்டால், தாழ்ந்ததை உயர்த்துவது எளிது. உயர்ந்ததைத் தாழ்த்துவது கடினம். உயர்ந்த மடிப்பைத் தாழ்த்த, பழைய இடத்தில் ஒட்டிக்கொண்ட தழும்பை விடுவிக்க வேண்டும். அது மீண்டும் ஒட்டாதிருக்க இடையில் கொழுப்பையோ தசையையோ கொண்டுவந்து தடுப்பாக வைக்க வேண்டும். பிறகு கீழே புதிய மடிப்பை அமைக்க வேண்டும். பழைய கீறல் தழும்பை வெட்டி எடுக்கத் தோல் மிச்சம் இருந்தால் நல்லது. இல்லையெனில் அத்தழும்பு இருக்குமிடத்திலேயே இருக்கும். இதனால்தான், வேறுபாடு சிறிதாக இருந்தால், தாழ்ந்த பக்கத்தை உயர்ந்த பக்கத்துக்கு இணையாக உயர்த்துவதையே பல மருத்துவர்கள் விரும்புகின்றனர்.

இமை விளிம்பு தாழ்ந்திருந்தால் அது இமைத் தொய்வு. பல வேளைகளில் இது முதல் அறுவைக்கு முன்பே இலேசாக இருந்திருக்கும். தொங்கிய தோல் அதை மறைத்திருக்கும். தோலை மட்டும் வெட்டி எடுத்தால் தொய்வு வெளிப்படும். இமை உயர்த்தும் தசைநாரைச் சீர்செய்யாமல் எத்தனை முறை தோலை வெட்டினாலும் பயன் இராது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரு கண்களின் இமைகளையும் உயர்த்த மூளை சமமான ஆணையையே அனுப்புகிறது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடலியல் அறிஞர் எவால்ட் ஹெரிங் விழியசைவுகளுக்குக் கூறிய விதி இது, இமைக்கும் பொருந்துகிறது. ஓர் இமை தளர்ந்திருந்தால் அதை உயர்த்த மூளை கூடுதல் ஆணை அனுப்பும். அந்தக் கூடுதல் மறு இமைக்கும் போய்ச் சேரும். தளர்ந்ததைச் சரிசெய்தவுடன் கூடுதல் ஆணை நின்றுவிடும். அதுவரை நன்றாக இருந்த மறு இமை கீழே இறங்கும். ஆகவே, குறை தெரியும் கண்ணே குறையுள்ள கண் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு பக்க இமையை விரலால் உயர்த்திப் பிடித்து மறுபக்கம் இறங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைச் செய்யாமல் திருத்த அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவரிடம் சற்று நிதானிப்பது நல்லது.

தோல் ஒரு பக்கம் கூடுதலாக எஞ்சியிருந்தால் திருத்தம் எளிது. மிகுதியாக வெட்டப்பட்டிருந்தால்தான் உண்மையான இடர். கண் முழுதாக மூடாமல், இரவில் கருவிழி உலர்ந்து புண்ணாகும் அபாயம் உண்டு. அளவு மிகக் குறைந்திருந்தால், காதின் பின்புறம் போன்ற இடங்களிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுத்தோல் நிறத்திலும் தடிப்பிலும் இமைத்தோலுக்கு இணையாகாது. புருவத்தைப் பொறுத்தவரை, கனத்த இமையைத் தூக்கிப் பழகிய நெற்றித் தசை அறுவைக்குப் பின் ஓய்வு கொள்வதால் ஒரு புருவம் மட்டும் இறங்குவது உண்டு. அப்போது குறை இமையில் இல்லை. இமையை வெட்டித் திருத்த முயல்வது தவறு.

வேறு நோய்களும் இமையின் உயரத்தை மாற்றும். காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கும் இமை, 'மயஸ்தீனியா' எனப்படும் தசைச் சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இமை அளவுக்கு மீறி விரிந்து தெரிவது தைராய்டு சார்ந்த கண் நோயாக இருக்கலாம். இவற்றை விலக்காமல் முதல் அறுவையின்மீது பழி போடுவதும், இரண்டாவது அறுவைக்கு விரைவதும் ஒருசேரப் பிழை.

பள்ளம் விழுந்த இமை

மேலிமையில் பள்ளம் விழுவதற்கு முதன்மைக் காரணம் கொழுப்பை மிகுதியாக எடுத்துவிடுவது. மடிப்பை மிக உயரத்தில் பொருத்துவதாலும், தொய்வுற்ற இமையில் கொழுப்பு உள்நோக்கிப் பின்வாங்குவதாலும், முதுமையில் கொழுப்பு தானாகவே வற்றுவதாலும் இது நேரும். தொய்வால் வந்த பள்ளமாயின், தசைநாரைச் சீர்செய்தாலே கொழுப்பு முன்னுக்கு வந்து பள்ளம் பெருமளவு குறையும். இல்லாத கொழுப்பை நிரப்புவதற்கு முன் இருக்கும் கொழுப்பு எங்கே சிக்கியுள்ளது என்று பார்ப்பதே முறை. தழும்பில் ஒட்டி உள்ளே ஒதுங்கியிருக்கும் கொழுப்பை விடுவித்து இடம் மாற்றிப் பரப்புவது முதல் தெரிவு. அது இமைக்கே உரிய பொருள்.

அது போதாதபோது வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி, தூய்மைப்படுத்தி, நுண்ணிய துளிகளாக இமையில் செலுத்துவது பரவலான முறை. 1990-களில் சிட்னி கோல்மன் என்ற அமெரிக்க மருத்துவரால் இம்முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. கட்டியான கொழுப்பையோ, தோலின் அடிப்பகுதியோடு சேர்ந்த கொழுப்பையோ அறுவை வழியே வைப்பதும் உண்டு. இரண்டிலும் வைத்த கொழுப்பு முழுதும் நிலைக்காது. ஒரு பங்கு கரைந்துபோகும். எவ்வளவு கரையும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், மிகுதியாக வைத்தால் மேடு, குறைவாக வைத்தால் மீண்டும் பள்ளம். மெல்லிய இமைத்தோலின் அடியில் சிறு கட்டியும் துருத்தித் தெரியும். உடல் எடை கூடினால் வைத்த கொழுப்பும் பருக்கக்கூடும்.

மூன்றாவது வழி, ஹயலூரானிக் அமில ஃபில்லர் ஊசி. இது நிலையானது அன்று. பிடிக்கவில்லை என்றால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். திரும்பப் பெறக்கூடிய ஒரே வழி என்பதால், நிலையான திருத்தத்துக்கு முன் சோதித்துப் பார்க்கவும் சிலர் இதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் 'ஊசிதானே' என்று இலேசாக எண்ணக் கூடாது. கண்ணைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் விழித்திரைக்குச் செல்லும் குழாயோடு தொடர்புடையவை. செலுத்தும் பொருள் தவறுதலாகக் குழாய்க்குள் புகுந்தால் பார்வையே பறிபோகலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் மீள்வதில்லை. கொழுப்பு ஊசிக்கும் இதே அபாயம் உண்டு. அதைக் கரைக்க மருந்தும் இல்லை.

என் வயதையொத்த வாசகர்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கிளாக்கோமா எனப்படும் கண் நீரழுத்த நோய்க்குத் தரப்படும் சொட்டு மருந்துகளில் பிமட்டோபிராஸ்ட் போன்ற புராஸ்டாகிளாண்டின் வகை மருந்துகள், நாளடைவில் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பை வற்றச் செய்து மேலிமையில் பள்ளம் உண்டாக்கக்கூடும். மருந்தை மாற்றினால் இது ஓரளவு சீராகும். அறுவையால் வந்த பள்ளம் என்று நினைத்திருப்பது உண்மையில் மருந்தால் வந்ததாக இருக்கலாம். அதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது, பார்வை போய்விடும். மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றிக் கேட்பதே வழி.

கீழிமையில் கொழுப்பை மிகுதியாக எடுத்தால் கண்ணடியில் பள்ளமும், தோலை மிகுதியாக எடுத்தால் இமை கீழே இழுக்கப்பட்டு விழி வெண்மை கூடுதலாகத் தெரிவதும் நேரும். கீழிமை ஊஞ்சல்போல இரு முனைகளில் தாங்கப்படுவது. வெளிமுனையை இறுக்கிக் கட்டுவது, உள்ளே தாங்கு திசு வைப்பது, கன்னத்தை மேலே உயர்த்திப் பொருத்துவது ஆகியவை இதற்கான திருத்தங்கள். மேலிமைத் திருத்தத்தைவிட இவை பெரிய அறுவைகள்.

காத்திருப்பின் மதிப்பு

திருத்த அறுவையில் மருத்துவர்கள் பொதுவாக வலியுறுத்துவது பொறுமை. அறுவையின் வீக்கம் சில வாரங்களில் பெருமளவு வடிந்தாலும், உள்ளே தழும்பு இறுகி, சிவந்து, பிறகு மெல்ல மென்மையாகப் பல மாதங்கள் ஆகும். ஆறு மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. சிக்கலான நேர்வுகளில் ஓராண்டு. இரு கண்களிலும் வீக்கம் ஒரே வேகத்தில் வடிவதில்லை. இரண்டாவது மாதத்தில் தெரியும் சமமின்மை எட்டாவது மாதத்தில் இல்லாமலே போகலாம்.

கென்னத் ஆரோவும் அந்தோணி ஃபிஷரும் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரை பொருளியல் மாணவர்கள் அறிந்தது. மீட்க முடியாத ஒரு முடிவை எடுக்கும் முன், காலம் கடந்தால் கூடுதல் தகவல் கிடைக்கும் என்றால், காத்திருப்பதற்கே தனியான மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். அவர்கள் எழுதியது இயற்கைச் சூழல் பற்றி. அணை கட்டி மூழ்கடித்த பள்ளத்தாக்கை மீட்க முடியாது. வெட்டி எறிந்த இமைத்தோலையும் மீட்க முடியாது. காத்திருக்கும் ஆறு மாதங்கள் வீணான காலம் அல்ல; தகவல் சேரும் காலம்.

என் நண்பர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். மேலிமைத் தோல் தொங்கிப் படிப்பதற்கு இடைஞ்சலாக இருந்ததால் அறுவை செய்துகொண்டார். ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் இறங்கியும் தெரிந்தது. அறுவை செய்த இடத்தில் ஆறாவது வாரமே கட்டணச் சலுகையுடன் மறு அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். பேரனின் காதுகுத்து விழாப் படங்களில் தம் முகத்தைப் பார்த்து மனம் நொந்திருந்த அவர் உடனே ஒப்புக்கொள்ள இருந்தார். நாங்கள் சென்று பார்த்த மற்றொரு மருத்துவர், பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இடது புருவம் முன்பிருந்தே தாழ்ந்திருந்ததைக் காட்டினார். எட்டு மாதங்கள் கழித்து வரச் சொன்னார். எட்டாவது மாதத்தில் வேறுபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஓர் இமையின் தசைநாரைச் சற்றே இறுக்கிய சிறு திருத்தம் போதுமானதாயிற்று. தோல் ஒரு துளிகூட எடுக்கப்படவில்லை. பள்ளம் முழுதும் மறையவில்லை. அதோடு வாழ அவர் பழகிக்கொண்டார்.

காத்திருக்கக் கூடாத சூழல்களும் உண்டு. அறுவைக்குப் பின் கடும் வலி, விழி முன்தள்ளுதல், பார்வை மங்குதல் ஆகியன கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிவதன் அறிகுறிகள். இதில் ஒவ்வொரு நிமிடமும் பார்வையைத் தீர்மானிக்கும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கண் மூடாமல் கருவிழி உலர்வது, சீழ் பிடிப்பது ஆகியவற்றுக்கும் உடனடிச் சிகிச்சை தேவை. முதல் சில நாள்களிலேயே தையல் தவறியது ஐயமறத் தெரிந்தால், தழும்பு இறுகும் முன் திறந்து சரிசெய்யும் மருத்துவர்களும் உள்ளனர்.

சந்தை சொல்லாதது

மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றது அன்று என்பதை 1963-இலேயே ஆரோ விளக்கினார். வாங்குபவர் பொருளை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க முடியாது. விற்பவரின் அறிவையும் நேர்மையையும் நம்பியே வாங்குகிறார். பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதியது இதன் தொடர்ச்சி: தரத்தை வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் தரமற்றது தரமானதை வெளியே தள்ளிவிடும். அழகியல் அறுவையில் இவ்விரண்டும் சேர்ந்து நிற்கின்றன. விளம்பரத்தில் வரும் 'முன்பு, பின்பு' படங்கள் வெற்றிகளின் தொகுப்பு மட்டுமே. திருத்த அறுவைக்கு வந்தவர்களின் படங்கள் அதில் இல்லை.

கொரியாவில் மருத்துவ உரிமம் பெற்ற எவரும், பிளாஸ்டிக் அறுவையில் சிறப்புத் தகுதி இல்லாவிட்டாலும், இமை அறுவை செய்யச் சட்டத் தடை இல்லை. சிறப்புத் தகுதி இல்லாதவர் மருத்துவமனையின் பெயரோடு அத்துறையின் பெயரைச் சேர்க்க முடியாது. ஆனால் சிகிச்சை அளிக்கும் துறை என்று பெயர்ப்பலகையில் தனியே குறிக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிப்பவர் எத்தனை பேர்? பெயர்பெற்ற மருத்துவர் ஆலோசனை வழங்க, நோயாளி மயங்கிய பின் வேறொருவர் வந்து அறுவை செய்யும் 'நிழல் அறுவை' அங்கே பெரும் பூசலைக் கிளப்பியது. அதன் விளைவாக, நோயாளியை நினைவிழக்கச் செய்து அறுவை நடத்தும் அரங்குகளில் கண்காணிப்புக் கேமரா வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரட்டை இமை உள்ளிட்ட சில அழகியல் அறுவைகளுக்கு 2011 முதல் 10 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் விதிக்கப்பட்டது. அரசே அதைச் சிகிச்சையாக அன்றி நுகர்வாகக் கருதியது என்பது பொருள்.

திருத்த அறுவைக்குக் கட்டணம் பொதுவாக முதல் அறுவையைவிட மிகுதி. பலன் பற்றிய உறுதியோ குறைவு. ஆயினும் மக்கள் அடுத்தடுத்துச் செல்வதற்குக் காரணம், 'இவ்வளவு செலவழித்துவிட்டோம், இதோடு நிறுத்தினால் எல்லாம் வீண்' என்ற எண்ணம். கழிந்த செலவு எதிர்கால முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பது பொருளியலின் முதல் ஆண்டுப் பாடம். இனிச் செய்யப்போவதால் வரும் நன்மை, இனி வரக்கூடிய தீமையைவிட மிகுதியா என்பது மட்டுமே கேள்வி.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் நாட்டிலும் முதியோர் மட்டுமன்றி நடுவயதினரும் இமை அறுவையை நாடுவது கூடிவருகிறது. திருத்தம் வேண்டுவோர் 'ஆக்குலோபிளாஸ்டி' என்னும் இமை, கண்குழி அறுவைப் பிரிவில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவரையோ, இமை அறுவையில் நீண்ட அனுபவமுள்ள பிளாஸ்டிக் அறுவை மருத்துவரையோ அணுக வேண்டும். முதல் அறுவைக்கு முந்தைய புகைப்படங்களை, திருமணப் படமாயினும் அடையாள அட்டைப் படமாயினும், எடுத்துச் செல்ல வேண்டும். இயற்கையிலேயே எந்த முகமும் இரு பாதிகளும் ஒத்ததன்று என்பதை அப்படங்களே காட்டும்.

அடுத்து, முதல் அறுவையின் குறிப்பு. எவ்வளவு தோல் எடுக்கப்பட்டது, கொழுப்பு எடுக்கப்பட்டதா, தசைநார் தொடப்பட்டதா என்பவை அதில்தான் இருக்கும். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறைகள் கூறுகின்றன. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் வேறொரு சிகிச்சைக்குப் பொருந்தாது என்று 2008-இல் தெளிவுபடுத்தியது. எதிர்பார்த்த அழகு வரவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. குறை மடிப்பிலா, விளிம்பிலா, தோலிலா, புருவத்திலா? எஞ்சியுள்ள தோல் எத்தனை மில்லிமீட்டர்? கண் இப்போது முழுதாக மூடுகிறதா, கண்ணீர்ச் சுரப்பு போதுமானதா? அறுவையின் நடுவே என்னை எழுந்து உட்காரச் செய்து, கண்ணைத் திறக்கச் சொல்லி அளவு பார்ப்பீர்களா? இக்கடைசிக் கேள்வி முக்கியமானது. படுத்திருக்கும்போது சமமாகத் தெரியும் இமைகள் உட்கார்ந்தால் சமமாக இருக்க வேண்டியதில்லை. மரத்துப்போகச் செலுத்தும் ஊசியில் கலந்துள்ள அட்ரினலினும் இமையைத் தற்காலிகமாக உயர்த்திக் கணக்கைக் குழப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக: எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்பவரே நம்பத்தக்க மருத்துவர்.

கண்ணுக்கு இமை காவல் என்பார்கள். கண்ணை மூடித் திறந்து கருவிழியை ஈரமாக வைத்திருப்பதே அதன் முதற்கடமை. அழகு அதற்கு அடுத்ததுதான். திருத்த அறுவையின் குறிக்கோள் இரு கண்களையும் அச்சில் வார்த்ததுபோல் ஆக்குவதாக இருக்க முடியாது. மூடும் கண், வலிக்காத கண், எதிரில் இருப்பவர் உற்றுப் பார்த்தாலன்றிக் குறை தெரியாத முகம்: இவ்வளவே நியாயமான எதிர்பார்ப்பு. அதை எட்டியவர் நிறுத்திக்கொள்ளலாம். எட்டாதவர், எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்த்து, பொறுத்திருந்து, பிறகு முடிவெடுக்கலாம்.